வக்கீல் இல்லாத வாதி

நுகர்வோர் நீதி: வரலாற்றுத் தொடர் – 11

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது வரை சென்ற இதழில் பார்த்தோம். 1987 ஏப்ரலிலும் ஜூலையிலுமாக அது நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு மன்றம், மாநிலத்துக்கு ஓர் ஆணையம், டெல்லியில் தேசிய ஆணையம் என்று மூன்று படிகள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இதுதான் சட்டம் மக்களுக்குக் கொடுத்த வாக்கு.

வெள்ளைத்தாள் இன்றும் செல்லும். கட்டணம் 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் வந்து சேர்ந்தது, அதுவும் சிறிய தொகைதான். வக்கீல் பற்றிய மூன்றாவது வாக்குதான் பெரும்பாடு பட்டது. மன்றத்தில் ஏமாந்தவருக்காக யார் எழுந்து பேசலாம் என்பது முடிவாக கால் நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கதையின் கனமான பகுதி ஆந்திர வயல்களில் நடந்தது. அதனால் இந்த இதழை ஆந்திர எல்லையில் வைத்துச் சொல்கிறேன்.

சித்தூர் மாவட்டத்தில் தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் பகுதி பாலசமுத்திரம். சித்தூர்ச் சீமை 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றி வரையப்பட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பாலசமுத்திரம் அந்தப் பக்கமே நின்றது. இப்படிப்பட்ட எல்லை ஊர்களில் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் தெலுங்கு படிப்பார்கள், கடையில் கொடுக்கும் பில் ஆங்கிலத்தில் இருக்கும். மழையை நம்பி வேர்க்கடலை போடும் பூமி இது. விதை முளைக்கவில்லை என்றால் அந்த ஆண்டு போனதுதான். அப்படிப் போன ஒரு விவசாயி கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே விதைக் கம்பெனியின் வக்கீல் கோப்புகளோடு உட்கார்ந்திருக்கிறார். விவசாயிக்காக யார் பேசுவது?

1987ஆம் ஆண்டு விதிகளே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தன. புகாரைக் கட்சிக்காரர் நேரில் வந்து தரலாம், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த முகவர் தரலாம். முகவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இப்படி எழுதியதற்குக் காரணம் இருந்தது. பழுதான மிக்சிக்குக் கிடைக்கும் இழப்பீட்டைவிட வக்கீல் ஃபீஸ் அதிகமானால் யாரும் படியேற மாட்டார்கள். பதிவு பெற்ற நுகர்வோர் சங்கங்களும் புகார் தரலாம் என்று சட்டம் சொன்னது. பம்பாயில் 1966இல் ஒன்பது பெண்கள் சேர்ந்து தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கம், 1978இல் மனுபாய் ஷா அகமதாபாத்தில் நிறுவிய நுகர்வோர் கல்வி ஆய்வு மையம், சென்னையில் 1985இல் தோன்றிய சி.ஏ.ஜி. என்ற குடிமக்கள் அமைப்பு ஆகியவை அதற்குள் அனுபவம் பெற்றிருந்தன. ஏமாந்தவருக்குத் துணையாகச் சங்கம் நிற்கும், சங்கம் இல்லாத இடத்தில் படித்த அண்டைவீட்டுக்காரர் நிற்பார் என்பதே சட்டம் எழுதியவர்களின் கணக்கு.

கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. நுகர்வோருக்கு வக்கீல் கட்டாயமில்லை என்ற சட்டம், நிறுவனத்துக்கு வக்கீல் கூடாது என்று சொல்லவில்லை. நிறுவனங்கள் முதல் நாளே வக்காலத்தோடு வந்தன. வக்கீல் வந்த இடத்தில் உரிமையியல் நீதிமன்றத்தின் பழக்கங்களும் கூடவே வந்தன: பதிலுரைக்குக் கால அவகாசம், பிரமாணப் பத்திரம், குறுக்கு விசாரணைக்கு மனு, வாய்தாவுக்கு மேல் வாய்தா. 90 நாளில் முடிய வேண்டிய புகார்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. நிறுவனத்தின் வக்கீலுக்கு வாய்தா அன்றாடத் தொழில். புகார்தாரருக்கு அது ஒரு நாள் கூலியும் பஸ் காசும். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், மிஞ்சினால் 15 நாள் கூடுதல் என்று சட்டம் சொன்னதை மன்றங்கள் தளர்த்திக்கொண்டே போயின. அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொன்னது 2020 மார்ச் 4 அன்று. சட்டம் பிறந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தேசிய ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில், வக்கீல் வைத்துக்கொள்ளும்படி எந்தக் கட்சிக்காரரையும் மன்றம் வற்புறுத்தக் கூடாது என்று எழுதி வைத்தது. தானே வாதாட வருபவரை மரியாதையோடு நடத்த வேண்டும் என்றும் சேர்த்தது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி எழுத வேண்டிய நிலை வந்தது என்றால், அந்த மன்றங்களில் தனியாக வந்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை நாமே புரிந்துகொள்ளலாம்.

இதற்கிடையில் மும்பையில் ஒரு மோதல் வெடித்தது. சுற்றுலா நிறுவனங்கள் சொன்னபடி நடக்கவில்லை என்று தெற்கு மும்பை மாவட்ட மன்றத்தில் புகார்கள் வந்தன. புகார்தாரர்கள் தங்களுக்காகப் பேச முகவர்களை நியமித்திருந்தார்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவருக்கு வாதாட உரிமை இல்லை என்று மன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பின்னால் நின்றது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம். நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் தொழில் செய்ய வழக்கறிஞருக்கே உரிமை என்கிறது அது. விஷயம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நுகர்வோர் மன்றத்துக்கு வருபவரை வக்கீல் வைக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது, முகவர் பேசலாம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனதுதான் சி. வெங்கடாசலம் எதிர் அஜித்குமார் சி. ஷா வழக்கு.

2011 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி தல்வீர் பண்டாரியின் அமர்வு உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. குறைந்த செலவில், விரைவாக நீதி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நாடாளுமன்றம் இந்த மன்றங்களை அமைத்தது. அங்கே வழக்கறிஞரை மட்டும் அனுமதித்தால் அந்த நோக்கமே கெடும் என்றது. வெளிநாடுகளில் தீர்ப்பாயங்களுக்கு முன் வழக்கறிஞர் அல்லாதவர்கள் வாதாடுவதையும் எடுத்துக்காட்டியது. அதோடு, முகவர்களுக்கு ஒழுங்குமுறை வேண்டும் என்று தேசிய ஆணையத்தைப் பணித்தது.

அந்த ஒழுங்குமுறை 2014இல் வந்தது. முகவர் என்பவர் புகார்தாரருக்கு ஏற்கெனவே தெரிந்தவராக, உறவினராகவோ அண்டைவீட்டாராகவோ நண்பராகவோ இருக்க வேண்டும். இதையே தொழிலாக வைத்திருக்கக் கூடாது. நேராகவோ மறைமுகமாகவோ காசு வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாதாடும் தகுதி தமக்கு உண்டு என்று தலைவருக்கு நிரூபிக்கவும் வேண்டும். தரகர்கள் கோர்ட்டு வாசலில் கடை விரிப்பதைத் தடுக்க இவை தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லையோரக் கிராமத்தில் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியிருக்கும் பெரியவருக்குக் காசு வாங்காமல் வாதாட எந்த அண்டைவீட்டார் கிடைப்பார்? உரிமை கிடைத்துவிட்டது, அதைப் பயன்படுத்த ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

இனி விதை வழக்குகளுக்கு வருவோம். வாதாட ஆள் இல்லாதவருக்கு எதிராகச் சட்ட நடைமுறையே எப்படிக் கேடயமாகப் பிடிக்கப்படுகிறது என்பதை இவற்றைப் போலக் காட்டும் வழக்குகள் வேறு இல்லை.

பழைய சட்டத்தின் 13ஆவது பிரிவில் ஒரு நடைமுறை உண்டு. பொருளில் குறை இருக்கிறதா என்று சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால், மன்றம் புகார்தாரரிடம் சாம்பிள் வாங்கி, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மிக்சிக்கும் சமையல் எண்ணெய்க்கும் இது சரி. விதைக்கு? மூட்டையைப் பிரித்து ஏர் ஓட்டிய நிலத்தில் கொட்டியாகிவிட்டது. முளைக்கவில்லை என்று தெரிய சில வாரங்கள் ஆகும். அதன் பிறகு சாம்பிளுக்கு எங்கே போவது? விதைக் கம்பெனிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. ஆய்வக அறிக்கை இல்லை, ஆகவே குறை நிரூபணமாகவில்லை என்றன.

இதற்கு முதலில் பதில் கிடைத்தது 1998இல், ஆந்திர விவசாயிகளுக்கு எதிராக மகாராஷ்டிரா ஹைப்ரிட் விதைக் கம்பெனி கொண்டுபோன மேல்முறையீட்டில். விதையை முழுவதும் விதைத்துவிட்ட விவசாயியிடம் சாம்பிள் இருக்காது. சோதனை வேண்டும் என்றால் கம்பெனியே அதைக் கேட்டிருக்கலாமே என்ற நியாயம் அங்கே நிலைநாட்டப்பட்டது. ஆனாலும் வாதம் ஓயவில்லை. 14 ஆண்டுகள் கழித்து அதே வாதம் மத்திய அரசின் நிறுவனம் ஒன்றின் வாயிலிருந்தே வந்தது.

அது தேசிய விதைக் கழகம். அன்றைய ஆந்திராவின் பல மாவட்டங்களில் அதன் விதையை வாங்கியவர்கள் பயிர் பொய்த்தது என்றும் விளைச்சல் குறைந்தது என்றும் புகார் கொடுத்தார்கள். கர்நூல், மகபூப்நகர், குண்டூர், கம்மம் முதலிய மாவட்ட மன்றங்கள் விவசாயிகளுக்கு இழப்பீடு தந்தன. கழகம் மாநில ஆணையத்துக்குப் போய்த் தோற்றது, தேசிய ஆணையத்துக்குப் போய்த் தோற்றது, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விதைக்குக் கொடுத்த விலையையும் போன விளைச்சலையும் கேட்டு வந்த விவசாயி டெல்லி வரை இழுக்கப்பட்டார்.

கழகத்தின் வாதங்களைக் கவனியுங்கள். விதைக்கு 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் சட்டம் செல்லாது என்பது ஒன்று. விதை உற்பத்திக்காகக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்தவர்கள் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்பது இன்னொன்று. அவர்கள் வணிக நோக்கத்தில் வாங்கினார்கள், நுகர்வோரே அல்ல என்றும் வாதிட்டார்கள். கடைசியாக, சாம்பிள் சோதிக்கவில்லை என்ற அதே பழைய ஆயுதம். வக்கீல் இல்லாத ஒரு விவசாயி மாவட்ட மன்றத்தில் இவற்றில் எதற்குப் பதில் சொல்லியிருப்பார்?

2012 ஜனவரி 16 அன்று நீதிபதி ஜி.எஸ். சிங்வி எழுதிய தீர்ப்பு ஒவ்வொன்றையும் எடுத்து உடைத்தது. விதைச் சட்டம் தரமற்ற விதை விற்றவரைத் தண்டிக்கும். நட்டப்பட்ட விவசாயிக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. ஆகவே அதைக் காட்டி நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்க முடியாது. ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் சட்டம் கூடுதலாகக் கிடைத்த வழி. எந்த வழியில் போவது என்பது விவசாயியின் விருப்பம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக விதை விளைவித்துக் கொடுப்பதை வணிக நோக்கம் என்று சொல்ல முடியாது. சாம்பிள் விஷயத்தில், பின்னால் வழக்கு வரும் என்று எதிர்பார்த்து விவசாயி விதையில் ஒரு பகுதியை எடுத்து வைப்பார் என்று நினைப்பதே தவறு. அதே லாட்டின் விதை கழகத்திடம்தான் இருக்கும், அதுதான் சோதனைக்குக் கொடுத்திருக்க வேண்டும். வேளாண் அலுவலர்கள் வயலைப் பார்த்து எழுதிய அறிக்கைகள் ஆதாரமாக நின்றன.

வணிக நோக்கம் என்ற வாதத்துக்கு விடை 1995இலேயே ஒரு தமிழ்நாட்டு இயந்திரம் பற்றிய வழக்கில் இருந்தது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கு அது. வழக்குத் தொடுத்தவர் தோற்றார். ஆனால் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி அதில் எழுதிய விளக்கம் ஏழைகளுக்குக் கைகொடுத்தது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், பிறருக்குத் தட்டச்சு செய்து பிழைக்கத் தட்டச்சுப் பொறி வாங்குபவரும் நுகர்வோர்தான் என்றார் அவர். ஆட்டோக்காரருக்குப் பொருந்திய நியாயம் விதைத்துப் பிழைப்பவருக்கும் பொருந்தியது.

நிபுணர் சாட்சியம் பற்றியும் அன்றைய ஆந்திராவிலிருந்து போன வழக்கிலேயே ஒரு தீர்ப்பு வந்தது. மலேரியா ஒழிப்புத் துறை ஊழியர் ஒருவரின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஹைதராபாத் மருத்துவமனையில் டைபாய்டு என்று வைத்தியம் பார்த்தார்கள், அவர் இறந்துபோனார். மாவட்ட மன்றம் கொடுத்த 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை, நிபுணர் கருத்து இல்லை என்று சொல்லி மேலே ரத்து செய்தார்கள். 2010 மார்ச் 8 அன்று கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இழப்பீட்டை மீட்டுக் கொடுத்தது. எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை, குறை வெளிப்படையாகத் தெரிந்தால் மன்றமே முடிவு செய்யலாம் என்றது. நிபுணரைத் தேடிப் பிடிக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை.

2019இல் புதிய சட்டம் வந்தது; 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. மன்றம் இப்போது ஆணையம். விற்ற நிறுவனம் எங்கே இருந்தாலும் புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்பது இதன் மிகப் பெரிய மாற்றம். முன்பு ஹைதராபாத் நிறுவனம் தன் ஊர் மன்றத்துக்குத்தான் வரவேண்டும் என்று வாதாடும். இன்று பாலசமுத்திரத்துக்காரர் சித்தூர் ஆணையத்தில் தரலாம். திருப்பதியில் வசிப்பவர் அங்கேயே தரலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். காணொளியில் விசாரிக்கக் கேட்கலாம். நிறுவனம் மேல்முறையீடு செய்ய விரும்பினால் மாவட்ட ஆணையம் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்தின் படி ஏற முடியும். விதைக் கழகம் போலப் படிப்படியாக இழுத்தடிப்பவருக்கு இது ஓரளவு தடை போடும்.

வக்கீல் வைத்து அவரே கைவிட்டால்? இந்தக் கேள்வியும் உச்ச நீதிமன்றம் வரை போனது. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யாத வழக்கறிஞர் மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம் என்று தேசிய ஆணையம் 2007இல் சொல்லியிருந்தது. வழக்கறிஞர் அமைப்புகள் எதிர்த்தன. 2024 மே 14 அன்று நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கறிஞர் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறார், அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம், ஆகவே நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றது. மனக்குறை உள்ளவர் பார் கவுன்சிலுக்கோ உரிமையியல் நீதிமன்றத்துக்கோ போகலாம். தீர்ப்பு சட்டம், அதை மதிக்கிறேன். ஆனால் மருத்துவரும் வங்கியும் மின்வாரியமும் பதில் சொல்லும் ஒரு மன்றத்தில், ஏழையின் கடைசிக் காசை வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராமல் போனவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆக, 39 ஆண்டுப் பழைய வாக்கு எங்கே நிற்கிறது? தானே பேசலாம், தெரிந்தவரைப் பேச வைக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாதவருக்கு மூன்றாவதாக ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அதைப் பலர் அறியவில்லை. 1987இல் இயற்றி 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ள சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், தீர்ப்பாயங்களில் நடக்கும் வழக்குக்கும் பொருந்தும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. விதை வாங்கிய பில் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தால், அவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் இந்த உதவியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

நுகர்வோர் ஆணையங்களின் வாசலிலேயே சட்ட உதவி மேசை ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டும். எல்லை மாவட்டங்களில் அங்கே தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது இது. அது வரும் வரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். விதை வாங்கினால் பில்லையும், லாட் எண் அச்சிட்ட பையையும் சீட்டையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். முளைப்பு சரியில்லை என்றால் நிலத்தை மறு உழவு செய்வதற்கு முன்பே வேளாண் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, வயலைப் பார்த்து அறிக்கை எழுதச் சொல்லுங்கள். புகார் தர 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. இலவச வழக்கறிஞருக்கு 15100.